தடையா, வீட்டு விதியா, இ-ஸ்போர்ட்ஸ் அணியா, கேமிங் கிளப்பா? பள்ளிகள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

ஆறாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகள் படிக்கிற எந்தப் பள்ளியிலும் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேச்சு ஓய்ந்ததும் அடுத்துத் தலைகாட்டுவது போன் விவகாரம். "கூப்பிட்டா காதுலயே விழ மாட்டேங்குது மிஸ்" என்று ஓர் அம்மா ஆரம்பித்தால், "எங்க வீட்ல போனை வாங்கினா சாப்பாட்டுத் தட்டையே தள்ளிவிட்டுட்டுப் போறான்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொள்ளும். ஆசிரியர்களும் சளைத்தவர்கள் இல்லை. முதல் பீரியடிலேயே தூங்கி வழிகிறவர்களின் பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம்.

என்ன செய்யலாம் என்று நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் உட்கார்ந்து பேசினால், பெரும்பாலும் நான்கு யோசனைகள்தான் வரும். கேமே கூடாது என்று தடை போடுவது. இது வீட்டுப் பிரச்சினை என்று பள்ளி ஒதுங்கிக்கொண்டு, பெற்றோரின் விதிகளுக்கும் போன் பூட்டுகளுக்கும் விட்டுவிடுவது. இ-ஸ்போர்ட்ஸ், அதாவது போட்டியாக ஆடும் வீடியோ கேமுக்கு, அணி கட்டிப் போட்டிகளுக்கு அனுப்புவது. வாரம் ஒரு நாள், விளையாடவும் விளையாட்டைச் செய்து பார்க்கவும் ஒரு கிளப் நடத்துவது. நான் நான்காவதன் பக்கம். ஆனால் இரண்டாவதன் துணையில்லாமல் நான்காவது நிற்காது, மூன்றாவதோடு அதைக் கலந்தால் கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மனதில் வைத்திருப்பது ஒரு நடுத்தர ஊரின் சாதாரணப் பள்ளி. இருபது முப்பது கம்ப்யூட்டர்கள் உள்ள ஒரு லேப், அவற்றில் எதிலும் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, ஒரே ஒரு கம்ப்யூட்டர் ஆசிரியர், பள்ளி விட்டதும் கிளம்பிவிடும் வேன்கள். வயது ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை. அதற்குக் கீழே உள்ள சின்னக் குழந்தைகளின் கணக்கு வேறு. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி சொல்கிறது. அதில் கிளப் பேச்சுக்கு இடமில்லை.

எத்தனை மணி நேரம் என்பதற்கு முன்னால்

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விடலாம்?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. பெரிய பிள்ளைகளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியே 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரே எண்ணாகச் சொல்வதை விட்டுவிட்டது. தூக்கம், ஓடியாடுவது, படிப்பு இவற்றுக்கு உரிய நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் குடும்பமாகத் திட்டமிடுங்கள் என்கிறது. நேரத்தைக் கணக்கிடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்ப்பது எனக்கு அதிகம் பயன்படுவதாகத் தோன்றுகிறது: அந்த கேம் தானாக முடிகிறதா, உள்ளே காசு கேட்கிறதா, மைக்கின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள்.

முதலாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்; வீட்டுச் சண்டைகளில் பெரும்பாதி அங்கேதான் பிறக்கிறது. தெருக் கிரிக்கெட் இருட்டினால் முடிந்துவிடும். பந்து கிணற்றில் விழுந்தாலும் முடிந்துவிடும். கடைசி ஆள் மிஞ்சும் வரை சுட்டு ஆடுகிற பிஜிஎம்ஐ போன்ற சண்டை கேமில் ஒரு கிளாசிக் மேட்ச் கடைசி வட்டம் வரை போனால் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். ஸ்குவாட் என்கிற நான்கு பேர் அணியில் ஒருவன் பாதியில் எழுந்து போனால் மற்ற மூவர் மாட்டிக்கொள்வார்கள், அவனுடைய ரேங்க் புள்ளியும் இறங்கும். அம்மா "சாப்பிட வாடா" என்று கூப்பிடுவது அந்தப் பதினெட்டாவது நிமிடத்தில். அவன் "அஞ்சு நிமிஷம்மா" என்பது பொய் சொல்வதற்காக இல்லை. எப்போது முடியும் என்று அவனுக்கே தெரியாது. அதனால் "இன்னும் பத்து நிமிஷம்" என்று சொல்வதை விட "இதுதான் கடைசி மேட்ச்" என்று, அதுவும் மேட்ச் தொடங்குமுன் லாபியில் காத்து நிற்கும்போதே, சொல்வது வேலை செய்யும். அந்த கேமின் ஒரு மேட்ச் எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ளாமல் விதி போடுகிற வீட்டில் விதி தினமும் உடையும்.

முடிவே இல்லாத கேம்களும் உண்டு. கட்டிக்கொண்டே போகலாம், தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் தொடர் அறுந்துவிடும். மொத்த நேரத்தைப் பார்த்தால் இவை சண்டை கேமை விடக் குறைவாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாள் விடுபட்டால் நஷ்டம் என்ற நினைப்பைப் பிள்ளையின் தலைக்குள் விதைப்பது இந்த வகைதான்.

காசு விஷயம் எளிது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் வயது வித்தியாசமில்லாமல் தடை செய்துவிட்டது. ஆனால் ஸ்கின்னுக்காக (கேம் பாத்திரத்தின் உடை, அலங்காரம்) டயமண்ட் வாங்குவது, யூசி டாப்-அப் செய்வது, அதாவது காசு கொடுத்து கேமுக்குள் செல்லும் நாணயம் வாங்குவது, அந்த வரையறைக்குள் வருவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கிற பெட்டிகளைப் பெல்ஜியம் 2018-இலேயே சூதாட்டக் கணக்கில் சேர்த்துவிட்டது. நம் ஊரில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அப்பாவின் யுபிஐ பின் நம்பர் மட்டும்தான்.

தடை

தடைக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. செலவில்லை, ஆசிரியர் தேவையில்லை, சுற்றறிக்கை ஒன்று போதும். நடந்ததைப் பார்ப்போம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பும் தரவுப் பாதுகாப்பும்தான் என்றாலும், பெற்றோர் பலர் தங்களுக்காகவே போட்ட உத்தரவாக எடுத்துக்கொண்டு நிம்மதியடைந்தார்கள். பிள்ளைகள் அதே வகையைச் சேர்ந்த ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள். 2022 பிப்ரவரியில் அதற்கும் தடை வந்தது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் அப்படியே இருந்தது. இதற்கிடையே பிஜிஎம்ஐ என்ற பெயரில் பப்ஜியின் இந்திய வடிவம் 2021 ஜூலையில் வந்து, 2022 ஜூலையில் காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பியது. இந்த வரிசையைப் பெரியவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்களோ. ஏழாம் வகுப்புப் பையனைக் கேட்டால் தேதியோடு சொல்வான்.

அரசாங்கங்களின் பலத்தோடு போட்ட தடைகளும் இதே பாடத்தைத்தான் தருகின்றன. தென் கொரியா 2011-இல், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் கேமை மனதில் வைத்து எழுதிய சட்டம். பிள்ளைகள் போனுக்கு மாறிவிட்டார்கள். 2022 ஜனவரியோடு அதை எடுத்துவிட்டு, நேரத்தைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறையை வைத்துக்கொண்டார்கள். சீனா 2021 செப்டம்பர் முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும் என்று சுருக்கியது. அடையாள எண் கொண்டு கணக்கைச் சரிபார்க்கிற ஏற்பாடு அங்கே இருக்கிறது. அப்படியும் பெரியவர்கள் பெயரில் உள்ள கணக்குகளைப் பயன்படுத்துவது நிற்கவில்லை. ஒரு பள்ளியின் சுற்றறிக்கை இதைவிடச் சாதிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பள்ளி வளாகத்துக்குள் போன் கூடாது என்ற விதி வேறு விஷயம். அது இருக்கட்டும், கண்டிப்பாகவே இருக்கட்டும். வீட்டில் ஆடுவதையும் குற்றமாக்கினால் ஒன்றுதான் நடக்கும்: டாப்-அப்பில் காசு போனாலும், மைக்கில் யாரோ ஒருவன் அசிங்கமாகப் பேசினாலும், நம்பர் கேட்டாலும் பிள்ளை வந்து சொல்ல மாட்டான். தடையை நான் ஏற்காததற்கு இதுவே முதல் காரணம்.

வீட்டு விதி

இதுதான் உண்மையில் அதிகம் வேலை செய்கிற வழி. ஆனால் நம் வீடுகளுக்கு ஏற்றபடி யாரும் விளக்குவதில்லை. பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த கூகுள் தரும் ஃபேமிலி லிங்க்கை வையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல செயலிதான். தினசரி நேர வரம்பு, தூங்கும் நேரத்தில் பூட்டு, ஆப் ஒவ்வொன்றுக்கும் தனி அளவு, புதிய ஆப் இறக்கப் பெற்றோர் அனுமதி எல்லாம் உண்டு. ஆனால் அது பிள்ளைக்கென்று தனிக் கருவி, தனிக் கணக்கு இருந்தால்தான். பெரும்பாலான வீடுகளில் பிள்ளை ஆடுவது அம்மாவின் போனில். அங்கே செய்யக்கூடியது வேறு: பிளே ஸ்டோரில் வாங்கும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பது, சேமித்து வைத்த கார்டை எடுத்துவிடுவது, வயது வரம்புக்கான பெற்றோர் கட்டுப்பாட்டைத் தனி பின் போட்டு இயக்குவது, யுபிஐ பின்னைப் பிள்ளையை விட்டே அடிக்கச் சொல்லும் பழக்கத்தை நிறுத்துவது.

அப்புறம் தாத்தா போன். அப்பா அம்மா போனில் எவ்வளவு பூட்டு போட்டாலும் தாத்தாவின் போன் திறந்த வீடு. அதில் பூட்டும் இல்லை, மனசும் வராது. விதி பேசும்போது தாத்தா பாட்டியையும் உட்கார வைத்துப் பேசாத வீட்டில் விதி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

கேம் நிறுவனங்களே போட்டிருக்கும் வரம்புகளை நம்ப வேண்டாம். பிஜிஎம்ஐ திரும்பி வந்தபோது பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தார்கள். பள்ளி நாளில் மூன்று மணி நேரம்! அதை யாருக்கான கட்டுப்பாடு என்பது? பெற்றோர் ஒப்புதலுக்கு வரும் ஓடிபியும் பிள்ளையின் கையில் இருக்கும் அதே போனுக்குத்தான் வருகிறது.

என்னைக் கேட்டால், விதிகளில் உயிரானது தூக்கத்தைக் காப்பது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. டியூஷனுக்கோ வேனுக்கோ ஐந்தரைக்கு எழுகிற பிள்ளை ஒன்பதரைக்குப் படுத்தால்தான் குறைந்தபட்ச எட்டு தேறும். எனவே எட்டரைக்குக் கடைசி மேட்ச் முடிந்திருக்க வேண்டும், எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜ் ஆக வேண்டும். "எல்லோருடைய" என்பதில் அப்பாவும் அடக்கம். இந்த விதி பல வீடுகளில் உடைவது அந்த இடத்தில்தான்.

வீட்டு விதியால் முடியாதது ஒன்று இருக்கிறது. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் நாலரைக்கு வந்து பூட்டைத் திறக்கிற பிள்ளை ஏழு மணி வரை தனியாக இருக்கிறான். விதியைச் செயல்படுத்த ஆள் இல்லை. தெருவில் விளையாடக் கூட்டாளியும் இல்லை; அவர்கள் அத்தனை பேரும் ஆன்லைனில்தான் இருக்கிறார்கள். பள்ளி கிளப்புக்கு உண்மையான நியாயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இ-ஸ்போர்ட்ஸ் அணி

இந்த யோசனை மேடையில் சொன்னால் கைதட்டு வாங்கும். ஆதாரங்களும் கைவசம் உண்டு. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஏழு வீடியோ கேம்களுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 2018-இல் ஒரு தனியார் தளத்தோடு சேர்ந்து பள்ளி லீக்குகளைத் தொடங்கியது. நார்வேயின் பெர்கனில் கார்னஸ் என்ற உயர்நிலைப் பள்ளி 2016-இல் இ-ஸ்போர்ட்ஸை விருப்பப் பாடமாகவே வைத்தது. நம் நாட்டின் 2025 சட்டமும் இ-ஸ்போர்ட்ஸை ஒரு விளையாட்டாக அங்கீகரிக்கிறது.

இவற்றில் நார்வே உதாரணத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். அது மேல்நிலை வயதுப் பிள்ளைகளுக்கான பாடம். உடற்பயிற்சி அந்தப் பாடத்துக்குள்ளேயே ஒரு பகுதி. எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள் அந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நம் பள்ளியில் என்ன நடக்கும்? போட்டிக்கு ஆடப்படும் பெரிய கேம்களில் வேலரன்ட் போன்ற துப்பாக்கிச் சண்டை கேம்கள் ஐரோப்பியத் தரப்படுத்தலில் பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கு. எட்டாம் வகுப்புக்கு எப்படிக் கொடுப்பது? வயதுக்குப் பொருத்தமான ராக்கெட் லீக் இருக்கிறது. கார் வைத்துக் கால்பந்து, ஐந்து நிமிட மேட்ச், ரத்தமில்லை. ஆனால் நம் லேப் கம்ப்யூட்டரில் அது தட்டுத் தடுமாறும். மிச்சம் இருப்பது போனில் ஆடும் கேம்கள். அதற்குப் பள்ளியே போனை உள்ளே விட வேண்டும்.

இதை விடப் பெரிய சிக்கல் தேர்வு. அணி என்றால் ஐந்து பேர், மாற்று ஆட்டக்காரர் ஒன்றிரண்டு பேர். அந்த ஐந்து பேர் யார்? ஏற்கெனவே இரவு பன்னிரண்டு வரை உட்கார்ந்து ரேங்க் புஷ் செய்கிற, அதாவது கேமில் ரேங்கை ஏற்றுகிறவர்கள். யாருடைய விளையாட்டு நேரத்தைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் புலம்பினார்களோ அவர்களுக்கே பள்ளியின் பெயர் போட்ட ஜெர்சியைக் கொடுத்து, இன்னும் ஆடு என்று சொல்வதாகிவிடும். பெண்பிள்ளைகள் இந்தத் தேர்வில் ஏறக்குறைய வரவே மாட்டார்கள். திறமையில்லாததால் என்று நினைக்க வேண்டாம். பெண் குரல் கேட்டால் மைக்கில் என்னென்ன பேச்சு வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பயிற்சி நடத்தித் தருகிறோம் என்று தனியார் நிறுவனங்கள் பள்ளிகளைத் தேடி வருகின்றன. வருகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். கேமுக்குள் பிள்ளைகள் காசு செலவழித்தால் உங்களுக்குப் பங்கு உண்டா? பிள்ளைகளின் பெயர், நம்பர், விளையாட்டுப் பதிவு எங்கே சேமிக்கப்படும்? அணியில் இடம் கிடைக்காத மற்றப் பிள்ளைகளுக்கு உங்கள் திட்டத்தில் என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்வியில் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும் என்பது என் ஊகம்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ தாண்டிக் கல்லூரியில் இதே அணி நல்ல யோசனையாக இருக்கலாம். ஆறு முதல் ஒன்பது வரை வேண்டாம்.

விளையாடவும் செய்யவும் ஒரு கிளப்

பக்கத்து மாநிலத்தில் ஒரு மாதிரி இருக்கிறது. கேரளத்தில் 2018 முதல் அரசு, அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கிளப்புகள் நடக்கின்றன. அனிமேஷன், ஸ்கிராட்ச் (கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் இலவச மென்பொருள்) மூலம் நிரல் எழுதுவது, ரோபோட்டிக்ஸ், சைபர் பாதுகாப்பு என்று பலதும் அதில் உண்டு. அது கேமிங் கிளப் இல்லை. ஆனால் ஒரு சாதாரணப் பள்ளி லேப்பில், சாதாரண ஆசிரியர்களை வைத்துக்கொண்டு, பாடநேரத்துக்கு வெளியே இப்படி ஒன்றைத் தொடர்ந்து நடத்த முடியும் என்பதற்குச் சான்று. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலும் ஸ்கிராட்ச் பாடம் இருக்கிறது. இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்து போகிறார்கள்.

நான் பரிந்துரைக்கும் வடிவம் வாரம் ஒரு நாள், ஒன்றேகால் மணி நேரம். அரை மணி நேரம் விளையாட்டு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செய்முறை, கடைசிப் பத்து நிமிடம் பேச்சு. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். இருபது கம்ப்யூட்டரில் நாற்பது பிள்ளைகள் என்ற கணக்குக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒருவன் ஆடும்போது மற்றவன் பார்க்கிறான், குறை சொல்கிறான், தன் முறைக்குக் காத்திருக்கிறான். தனி அறையில் ஹெட்போனோடு கிடைக்காத விஷயம் அது.

எந்தெந்த கேம்? சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தய கேம் இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், லேப்புக்குள்ளேயே இணையம் இல்லாமல் பல பேர் சேர்ந்து ஓட்டலாம், பந்தயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கட்டி விளையாட மைன்கிராஃப்டின் கல்விப் பதிப்பு இருக்கிறது. பள்ளிக்கு உரிமம் வாங்க வசதியிருந்தால் சரி, இல்லையென்றால் அதே சாயலில் லுவான்டி இலவசமாகக் கிடைக்கிறது. சதுரங்கத்துக்கு லீசெஸ் என்ற இணையதளம்: விளம்பரமும் இல்லை, காசும் கேட்காது. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த மாநிலத்தில் இதற்கு ஆசிரியர் சம்மதமும் உடனே கிடைக்கும். இந்தப் பட்டியலில் உள்ள எதிலும் பிள்ளை காசு செலவழிக்க வழியில்லை. லேப் வலைக்குள்ளேயே ஆடினால், இணையத்தில் ஆடும் சதுரங்கத்தைப் பக்கத்து நண்பனோடு மட்டும் ஆடினால், அந்நியர்களும் வர மாட்டார்கள். தானாக முடியாத கட்டும் கேமை ஆசிரியர் நேரம் பார்த்து நிறுத்திவிட்டால், நான் மேலே சொன்ன மூன்று சோதனைகளும் இப்படித்தான் தேறுகின்றன.

எனக்கு ஆர்வம் அதிகம் இரண்டாவது பகுதியில். பல்லாங்குழியை ஸ்கிராட்ச்சில் செய்யச் சொல்லுங்கள். பதினான்கு குழிக்குப் பதினான்கு இடம் உள்ள ஒரு பட்டியல். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவதற்கு ஒரு சுழல். பதினான்காவது குழி தாண்டியதும் முதல் குழிக்குத் திரும்ப வேண்டும். வகுத்தல் மீதி எதற்குப் பயன்படும் என்று கணக்கு வகுப்பில் புரியாதவனுக்கு இங்கே புரிந்துவிடும். குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம். அதை எடுப்பது குழிக்குச் சொந்தக்காரனா, அந்த நேரத்தில் ஆடுகிறவனா? ஊருக்கு ஊர் விதி மாறும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்டு வந்து சண்டை போடுவார்கள். பாட்டிகள் கேமைப் பற்றிக் கருத்துச் சொல்லும்படி ஆவதே ஒரு லாபம்.

அது ஓடத் தொடங்கியதும் ஆசிரியர் ஒரு வேலை கொடுக்கலாம்: "உன் கேமை விட்டு ஆள் எழுந்து போகாமல் இருக்க என்னென்ன செய்வாய்?" தினமும் வந்தால் ஒரு சோழி பரிசு என்பான் ஒருவன். ஏழு நாள் விடாமல் வந்தால் தங்கச் சோழி, ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்பாள் இன்னொருத்தி. இந்தச் சூட்சுமத்தைத் தன் கையாலேயே செய்து பார்த்த பிள்ளைக்கு, தன் போனில் இரவு பத்து மணிக்கு வருகிற "உங்கள் பரிசு காத்திருக்கிறது" என்ற அறிவிப்பு யாரோ செய்த வேலை என்று தெரிந்துவிடும். கேம் அடிமைத்தனம் பற்றி அசெம்பிளியில் கொடுக்கிற உரைகளை விட இந்த அரை மணி நேரத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் வாரம் பாதிப் பேர் "இதெல்லாம் கேமா சார்?" என்பார்கள். பிஜிஎம்ஐ எதிர்பார்த்து வந்த சிலர் மூன்றாவது வாரம் வர மாட்டார்கள். அவர்களைப் பிடித்து வைக்கப் பட்டியலைத் தளர்த்தினால் கிளப் முடிந்தது. பெண்பிள்ளைகளுக்குப் பாதி இடத்தைப் பதிவின்போதே ஒதுக்கவில்லையென்றால் முதல் நாளே பையன்கள் நிரப்பிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், கிளப் வந்ததாலேயே வீட்டில் ஆடும் நேரம் குறையும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அது வீட்டு விதியின் வேலை. கிளப் நாளில் வீட்டில் கேம் கிடையாது என்று பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்துப் போட்டால்தான் சேர்க்கை என்று வைத்துவிடலாம்.

இன்னொன்று, மைதானம். கிட்டப்பார்வையைத் தடுக்கப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளிச்சத்தில் வெளியே விடுவதைத் தைவான் 2010-இலிருந்து பள்ளித் திட்டமாகவே நடத்துகிறது. கண்ணுக்குச் சூரிய வெளிச்சம் வேண்டும் என்பது இன்று கண் மருத்துவர்கள் பரவலாகச் சொல்வது. எனவே கிளப் எந்தக் காரணத்துக்காகவும் பி.டி. பீரியடை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த பீரியடை விழுங்கக் கணக்கு ஆசிரியர்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள்.

கிளப் எந்தப் பிள்ளைக்கு இல்லை

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கேமிங் கோளாறு ஒரு நோயாக இடம்பெற்றிருக்கிறது. ஆடுவதைத் தானாக நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட கேம் முன்னுக்கு வந்துவிடுவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது. இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்து, படிப்பையும் குடும்ப வாழ்வையும் பாதிக்க வேண்டும். பரீட்சை முடிந்த விடுமுறையில் நாள் முழுக்க ஆடியவனுக்கு இந்தப் பெயரைச் சூட்ட வேண்டாம். ஆனால் பள்ளிக்கே வராமல் நின்றுவிட்ட, குளிக்காமல் சாப்பிடாமல் ஆடுகிற, போனை எடுத்தால் தன்னையோ மற்றவரையோ அடித்துக்கொள்கிற பிள்ளை என்றால் கிளப்பில் சேர்த்துத் திருத்தலாம் என்று பள்ளி முயலக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே ஷட் கிளினிக் 2014 முதல் இயங்குகிறது. அவ்வளவு தூரம் போவதற்கு முன் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும் இருக்கிறது.

எந்தப் பள்ளிக்கு எது

லேப்பும் விருப்பமுள்ள ஓர் ஆசிரியரும் உள்ள பள்ளிக்கு வாராந்திரக் கிளப், கூடவே பெற்றோருக்கு ஒரு சனிக்கிழமை காலை போன் அமைப்புகளைக் கையில் வைத்துக் காட்டும் வகுப்பு. லேப் இல்லாத பள்ளி போனை வைத்துக் கிளப் நடத்த முயல வேண்டாம். அந்தச் சனிக்கிழமை வகுப்பை மட்டும் நடத்திவிட்டு, மாலை ஐந்தரை வரை மைதானத்தைத் திறந்து வைத்தால் போதும். தனியாக வீடு திரும்புகிற பிள்ளைகளுக்கு அதுவே பெரிய உதவி. விடுதிப் பள்ளிகளில் கிளப்புக்கான தேவை இன்னும் அதிகம். அங்கே ஞாயிறு மாலை என்றால் நாற்பது பேர் ஒரு ஒளித்துவைத்த போனைச் சுற்றி நிற்பதைத் தவிர வேறு வழியில்லாமல் இருக்கிறது.

ஒரு பருவம் நடத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அப்போது கேட்க வேண்டியவை: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசி வரை வந்தார்கள், அதில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர், ஆசிரியர் சொன்ன நேரத்துக்குக் கம்ப்யூட்டர்கள் அணைந்தனவா, முதல் பீரியட் தூக்கப் பட்டியல் நீண்டதா சுருங்கியதா. ஆசிரியரின் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, தாமதமாகக் கிளம்புகிற பிள்ளைகளுக்கு வேன் உண்டா என்ற இரண்டையும் முதல் கூட்டத்திலேயே முடித்துவிடுங்கள். அவை இரண்டுக்கும் பணம் ஒதுக்காத பள்ளி கிளப் அறிவிப்பைப் பலகையில் ஒட்ட வேண்டியதில்லை.